சண்டை எங்கோ, சரக்கு இங்கே!
கொள்முதல் செய்யும்போது நாம் கவனிக்க வேண்டியவை



ஒரு சாதாரணப் பலசரக்குக் கடையில் இருக்கும் சரக்குகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கு ரஷ்யா, உக்ரைன், அர்ஜெண்டினா. சோயா எண்ணெய்க்கு அர்ஜெண்டினா, பிரேசில். இட்லிக்குப் போடும் உளுந்தில் ஒரு பகுதி பர்மா. துவரையில் ஒரு பகுதி பர்மாவும் ஆப்பிரிக்காவும். மைசூர் பருப்புக்குக் கனடா, ஆஸ்திரேலியா. பெருங்காயத்தின் மூலச்சரக்கு ஆப்கானிஸ்தானத்து மலைகளில் இருந்து வருவது. கசகசா துருக்கியிலிருந்து வருவது. முந்திரி ஆலைகளுக்குக் கொட்டை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது.

ஆகவே நாம் உள்ளூர் வியாபாரிகள் என்று சொல்லிக்கொண்டாலும், நம் கல்லாப் பெட்டி பத்துப் பன்னிரண்டு நாடுகளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த நாடுகளில் சண்டை வந்தாலும், ஆட்சி மாறினாலும், அவர்களுக்கும் நம் நாட்டுக்கும் மனத்தாங்கல் வந்தாலும் அது நம் தராசில் வந்து நிற்கிறது. இதற்குப் படித்தவர்கள் 'புவிசார் அரசியல் அபாயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் இதைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பும் தேவையில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெரியவர்கள் பட்ட அனுபவம்

இது நமக்குப் புதிதல்ல. நகரத்தார் பெருமக்கள் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 1930-களில் விலை வீழ்ச்சியால் கடன் வசூலாகாமல், ஈடாக நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் விளையும் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் அப்படி அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. விட்டது விட்டபடி ஓடி வர வேண்டியதாயிற்று. யுத்தத்துக்குப் பிறகு திரும்பிப் போனவர்களின் நிலத்தைச் சுதந்திர பர்மா அரசு நாட்டுடைமை ஆக்கியது. 1964-இல் ராணுவ அரசு கடைகளையும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. அங்கிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் பெயரைச் சென்னைப் பர்மா பஜார் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். பேரேட்டில் ஒரு பைசா பிசகாது. ஆனால் முதலின் பெரும்பகுதி ஒரே நாட்டில் இருந்தது. அந்த ஒன்றுதான் அவர்களைச் சாய்த்தது. நாம் இன்று வெளிநாட்டில் முதல் போடவில்லை. வெளிநாட்டுச் சரக்கில் போடுகிறோம். பாடம் ஒன்றேதான்.

எண்ணெய் சொன்ன பாடம்

அண்மைக் காலத்தில் நம் எல்லோருக்கும் நினைவிருப்பது 2022-ஆம் ஆண்டு எண்ணெய் விலை. அதை வரிசைக் கிரமமாக ஒரு தடவை பார்ப்பது நல்லது. வெளிநாட்டுச் சண்டை நம் கடைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது அதில் முழுமையாகத் தெரியும்.

நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். யுத்தத்துக்கு முன்பு நாம் வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உக்ரைன், ரஷ்யா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்தே வந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றது.

இது முதல் கட்டம். இரண்டாவது கட்டம்தான் நாம் கவனிக்க வேண்டியது. சூரியகாந்தி கிடைக்காதவர்கள் எல்லோரும் பாமாயிலுக்கும் சோயாவுக்கும் வந்தார்கள். உக்ரைனில் பாமாயில் ஒரு சொட்டுக்கூட விளையவில்லை. ஆனாலும் பாமாயில் விலை ஏறியது. மலேசியச் சந்தையில் ஒரு டன் பாமாயில் 7,000 ரிங்கிட்டைத் தாண்டிப் போயிற்று.

மூன்றாவது கட்டம்: விலை ஏறியதும் இந்தோனேசிய மக்களுக்கே எண்ணெய் கட்டுபடியாகவில்லை. உலகத்துக்கே அதிகமாகப் பாமாயில் அனுப்பும் நாடு, தன் மக்களைச் சமாளிக்க 2022 ஏப்ரல் 28 முதல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நம் மார்க்கெட்டில் 'இனிமேல் எண்ணெயே வராது' என்று பேச்சு கிளம்பியது. டின் டின்னாக வாங்கி அடுக்கியவர்கள் உண்டு.

நான்காவது கட்டம்: தடை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அங்கே எண்ணெய்த் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. பனைக்குலை வாங்க ஆள் இல்லாமல் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். மே 23 அன்று தடையை நீக்கினார்கள். தேங்கிய சரக்கைத் தள்ள ஜூலையில் ஏற்றுமதித் தீர்வையையும் தற்காலிகமாக விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஜூலையிலேயே பாமாயில் 4,000 ரிங்கிட்டுக்குக் கீழே வந்துவிட்டது. நம் மத்திய அரசும் பாக்கெட் விலையைக் குறைக்கும்படி எண்ணெய்க் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டுகளை வாங்கி வைத்திருந்த சில்லறைக் கடைக்காரர்தான் கடைசியில் மாட்டிக்கொண்டார்.

உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே சில மாதம்தான். ஏறியபோது எல்லோரும் பயந்தார்கள். ஆனால் பணம் போனது இறங்கியபோதுதான். இதை நாம் மறக்கக் கூடாது.

பர்மா உளுந்தும் ஆப்பிரிக்கத் துவரையும்

எண்ணெய்க்கு நாலு நாடு உண்டு. உளுந்துக்கு அதுவும் இல்லை. நாம் வெளியிலிருந்து வாங்கும் உளுந்து பெரும்பாலும் பர்மா உளுந்துதான். 2021 பிப்ரவரி 1 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வயலில் உளுந்து இருந்தது, வியாபாரியும் இருந்தார். ஆனால் வங்கிகள் திறக்கவில்லை. வேலை நிறுத்தத்தால் துறைமுக வேலையும் சுங்க வேலையும் தடுமாறின. 2022 ஏப்ரலில், கையில் உள்ள டாலரை உள்நாட்டுப் பணமாக மாற்றியே ஆகவேண்டும் என்று அங்கே உத்தரவு போட்டார்கள். அரசு நிர்ணயித்த மாற்று விகிதம் வெளிச்சந்தையை விடக் குறைவு. ஏற்றுமதியாளர் சரக்கை அனுப்பத் தயங்கினார். ஆக, ஒரு சரக்கு வராமல் போவதற்கு விளைச்சல் கெட வேண்டும் என்பதில்லை. பணம் போய்ச்சேர வழி கெட்டாலும் போதும்.

துவரைக்கு 2016-இல் நம் அரசு மொசாம்பிக் நாட்டோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. நல்ல ஏற்பாடுதான். பர்மாவை மட்டும் நம்பியிராமல் இரண்டாவது வாசல் திறந்தது. ஆனால் 2023 கடைசியில் அங்கே ஏற்றுமதி நிறுவனங்களுக்குள் ஏற்பட்ட வழக்கால் துவரை துறைமுகத்தில் தேங்கி நின்றது. நாடு நட்பு நாடுதான், சண்டையும் இல்லை. ஆனாலும் சரக்கு வரவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் மைசூர் பருப்பு. 2023 செப்டம்பரில் கனடாவுக்கும் நமக்கும் பெரிய தகராறு வந்தது. தூதரக அதிகாரிகளை இரு பக்கமும் வெளியேற்றினார்கள். பத்திரிகைகளில் தினமும் அதே செய்தி. 'கனடாப் பருப்பு நின்றுவிடும்' என்று சொல்லிச் சிலர் விலையை ஏற்றிப் பேசினார்கள். ஆனால் பருப்பு வாணிபத்துக்கு இரு அரசுகளுமே தடை போடவில்லை. சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பேப்பரில் பெரிய எழுத்தில் வரும் சண்டை எல்லாம் சரக்கை நிறுத்துவதில்லை. எங்கோ உள் பக்கத்தில் வரும் ஒரு சிறிய செய்தி நிறுத்திவிடும்.

சின்னச் சரக்கு, பெரிய தொல்லை

பெருங்காயம், இந்துப்பு போன்றவை நம் விற்பனையில் சிறு பங்குதான். ஆனால் அவை இல்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய், அங்கேயே மொத்தச் சாமானையும் வாங்கிக்கொள்வார்.

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசம் போனபோது ஆப்கானிஸ்தானத்திலிருந்து வரும் பெருங்காயப் பாலுக்கும் உலர் பழங்களுக்கும் தட்டுப்பாடு பேச்சு எழுந்தது. நம் நாட்டில் பெருங்காயச் செடி முன்பு பயிரானதில்லை. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்து லாகவுல் பள்ளத்தாக்கில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முதல் நாற்றை நட்டது. அச்செடி பால் கொடுக்கப் பல ஆண்டு ஆகும்.

இந்துப்பு பாகிஸ்தான் சுரங்கத்திலிருந்து வந்த சரக்கு. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200 சதவீத வரி போடப்பட்டது. 2025 ஏப்ரலில் பகல்காம் படுகொலை நடந்த பின், மே 2 அன்று அந்நாட்டுச் சரக்கு எந்த வழியாகவும் வரக்கூடாது என்று முழுத் தடை வந்தது. நாட்டின் பாதுகாப்பு முதலில், வியாபாரம் பிறகு. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இப்படிப்பட்ட உத்தரவு ஒரே நாளில் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அத்தகைய சரக்கில் எவ்வளவு பணம் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

டில்லியில் போடும் கையெழுத்து

வெளிநாட்டுச் சண்டையை விட வேகமாக நம்மை வந்து தொடுவது நம் அரசாங்கத்தின் உத்தரவுதான். அது மூன்று விதமாக வரும்.

ஒன்று, சுங்க வரி. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படை வரி சைபரிலிருந்து 20 சதவீதம் ஆயிற்று. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5-லிருந்து 32.5 ஆயிற்று. முதல் நாள் இரவு ஒரு விலை, மறுநாள் காலை வேறு விலை. 2025 மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெய் வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏறியதும் ஒரு கையெழுத்து, இறங்கியதும் ஒரு கையெழுத்து. 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் இப்படித்தான். காஷ்மீர் பற்றியும் குடியுரிமைச் சட்டம் பற்றியும் மலேசியப் பிரதமர் பேசியதால் மனக்கசப்பு ஏற்பட்டிருந்த நேரம் அது. உத்தரவில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் அடி விழுந்தது மலேசியச் சரக்குக்கு.

இரண்டு, இருப்பு வரம்பு. 2022 பிப்ரவரியில் சமையல் எண்ணெய்க்குச் சில்லறைக் கடைக்கு 30 குவிண்டால், மொத்த வியாபாரிக்கு 500 குவிண்டால் என்று வரம்பு வந்தது. 2023 ஜூன் 2 அன்று துவரைக்கும் உளுந்துக்கும் சில்லறைக் கடைக்கு 5 டன், மொத்த வியாபாரிக்கு 200 டன் என்று வைத்தார்கள். அதே செப்டம்பரில் மொத்த வியாபாரிக்கு 50 டன்னாகக் குறைத்தார்கள். சட்டப்படி வாங்கி, வரி கட்டி, ரசீது வைத்திருக்கும் சரக்கே, வரம்பு குறைந்து கெடு முடிந்த மறுநாள் பதுக்கல் சரக்கு ஆகிவிடும். 'விலை ஏறப்போகிறது, நிறைய வாங்கிப் போடுங்கள்' என்று யோசனை சொல்பவர் இதைச் சொல்வதில்லை.

மூன்று, ஏற்றுமதித் தடை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நம் அரசு நிறுத்தியது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. அமெரிக்காவில் இந்தியர்கள் கடைகளில் அரிசி மூட்டைக்கு முண்டியடித்ததை எல்லோரும் பார்த்தோம். சிங்கப்பூர் தனியாகக் கேட்டு விதிவிலக்குப் பெற்றது. தடை நீங்க 2024 செப்டம்பர் ஆயிற்று. அப்போது மற்றவர்களுக்கு நாம்தான் 'வெளிநாட்டு அபாயம்'! இந்தோனேசியாவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. எந்த அரசும் தன் மக்களின் அடுப்பைத்தான் முதலில் பார்க்கும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

வாடிக்கையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது?

சரக்கைப் போலவே பணத்துக்கும் பிறந்த ஊர் உண்டு. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது பெட்ரோல், டீசல் விலை ஏறியதும் லாரி வாடகை ஏறியதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய அடி வேறு இருந்தது. வளைகுடாவிலிருந்து மாதாமாதம் வந்த பணம் நின்றது. போனவர்கள் வேலையை விட்டுத் திரும்பி வந்தார்கள். பற்று வைத்து வாங்கிய குடும்பங்களால் கட்ட முடியவில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர்ப் பனியன் தொழிலும் இறால் ஏற்றுமதியும் ஆட்டம் கண்டன. அங்கே தொழிலாளர் குடியிருப்பில் கடை வைத்திருப்பவருக்கு அது அமெரிக்க விவகாரம் அல்ல, சனிக்கிழமைச் சம்பள விவகாரம். ஓவர்டைம் குறைந்தால் எண்ணெய் ஒரு லிட்டர் அரை லிட்டராகும். ஆகவே நம் பற்று நோட்டில் உள்ள குடும்பங்கள் எந்தத் தொழிலை நம்பியிருக்கின்றன என்று பார்த்து வைப்பதும் வியாபாரத்தில் சேர்ந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கு

விஷயம் விளங்க ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காகச் சொல்வது.

ஒரு கடைக்காரர் வாரம் 20 டின் எண்ணெய் விற்கிறார். டின்னுக்கு 30 ரூபாய் லாபம். வாரம் 600 ரூபாய். சண்டைச் செய்தி வருகிறது. விலை 2,400-லிருந்து 2,600 ஆகிவிட்டது, 3,000 போகும் என்கிறார்கள். அவர் 200 டின் கடனுக்கு எடுக்கிறார். மூன்று வாரத்தில் 60 டின் விற்றுவிட்டது. நான்காவது வாரம் மார்க்கெட் 2,200-க்கு இறங்குகிறது. கையில் 140 டின். டின்னுக்கு 400 வீதம் 56,000 ரூபாய் நஷ்டம். வாரம் 600 ரூபாய் லாபத்தில் அதை ஈடுகட்ட 93 வாரம், அதாவது ஒன்றே முக்கால் வருஷம் ஆகும். மூன்று வார ஆசைக்கு ஒன்றே முக்கால் வருஷ உழைப்பு!

'விலை ஏறியிருந்தால் லாபம்தானே?' என்று கேட்கலாம். ஏறியிருந்தால் லாபம்தான். ஆனால் அந்த லாபம் பெரும்பாலும் ஏட்டளவில்தான் நிற்கும். 2,400-க்கு வாங்கிய 20 டின்னை 2,630-க்கு விற்றால் கையில் 4,600 மிச்சம் போலத் தெரியும். ஆனால் அதே 20 டின்னை மறுபடி நிரப்ப 2,600 வீதம் கொடுக்க வேண்டும். 4,000 அதிலேயே போய்விடும். மிஞ்சுவது பழைய 600-தான். விலை ஏறும் காலத்தில் அதே வியாபாரத்துக்கு அதிக முதல் தேவைப்படுகிறது. பற்று நோட்டிலும் அதிகப் பணம் முடங்குகிறது. அப்போது நாம் செய்ய வேண்டியது இருப்பைப் பெருக்குவது அல்ல, கையில் ரொக்கத்தைப் பெருக்குவது.

செய்தி வந்தால் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

வெளிநாட்டுச் செய்தி எதுவானாலும், தரகர் எது சொன்னாலும், நாம் நான்கு கேள்வி கேட்டுக்கொள்வது வழக்கம்.

1. துறைமுகம் வேலை செய்கிறதா? உக்ரைனில் அடைபட்டது, அதனால் சரக்கு நின்றது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அப்போது சரக்கு நிற்கவில்லை; நாளும் வாடகையும் கூடின. இரண்டும் வேறு வேறு.

2. பணம் போய்ச்சேருமா? வங்கியும் டாலரும் ஒழுங்காக இருக்கிறதா? வெளிநாட்டில் விலை ஏறாவிட்டாலும் நம் ரூபாய் சரிந்தால் நமக்கு விலை ஏறும். 2022 ஜூலையில் டாலர் 80 ரூபாயைத் தொட்டபோது இதைக் கண்டோம்.

3. எழுத்து மூலம் உத்தரவு வந்திருக்கிறதா? மந்திரி பேசியது வேறு, உத்தரவு வேறு. தேதியும் எண்ணும் இல்லாத தடை, தடையே அல்ல.

4. அந்தச் சரக்கு வேறு எந்த நாட்டில் விளைகிறது, அங்கே அறுவடை எப்போது? வேறு நாடு இருந்தால் தட்டுப்பாடு சில வாரம்தான். இல்லை என்றால் அடுத்த அறுவடை வரை.

இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

சரக்குப் பட்டியல்: ஒரு நோட்டில் முக்கியமான முப்பது சரக்குகளை எழுதி, எதிரே அது பிறந்த நாடு, நமக்கு வந்துசேர ஆகும் நாள், மாற்றுச் சரக்கு எது என்று குறித்துக்கொள்ளவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை. தெரியாததை மொத்த வியாபாரியிடம் கேட்கலாம். சொல்வது அவர் கடமை.

இருப்பை நாள் கணக்கில் வைப்பது: 'நூறு டின் இருக்கிறது' என்பது கணக்கல்ல; 'இருபது நாளைக்கு இருக்கிறது' என்பதே கணக்கு. ஒரே நாட்டை நம்பிய சரக்கை மட்டும் மற்றதைவிடப் பத்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அதையும் கடனுக்கு வாங்க வேண்டாம்.

மூன்று தடவையாக வாங்குவது: எவ்வளவு நிச்சயமான செய்தியானாலும் வேண்டியதை ஒரே மூச்சில் வாங்காமல் மூன்றாகப் பிரித்து வாங்கவும். உச்ச விலையில் மொத்தமாக மாட்டிக்கொள்ள மாட்டோம்.

வாய்தாவைச் சுருக்குவது: கொந்தளிப்பான காலத்தில் முப்பது நாள் கடனைப் பதினைந்து நாளாக்குவது யாருக்கும் அவமானம் அல்ல. முன்கூட்டியே மரியாதையாகச் சொன்னால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

மாற்றுச் சரக்கைப் பழக்குவது: சூரியகாந்தி எண்ணெய் வாங்குபவருக்குக் கடலை எண்ணெயும், பர்மா உளுந்து வாங்குபவருக்கு நாட்டு உளுந்தும் சாதாரண நாளிலேயே காட்டி வைக்க வேண்டும். தட்டுப்பாடு வந்த பிறகு காட்டினால் தலையில் கட்டுகிறோம் என்று நினைப்பார்கள்.

வரம்பு உத்தரவும் இருப்புப் பதிவேடும்: இருப்பு வரம்பு உத்தரவு வந்தால் நகலைக் கடையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதிவிடவும். அதிகாரி வரும் நாளில் எழுதும் பதிவேடு உதவாது.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நாம் மொத்த வியாபாரத்தில் இருப்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும். 2022-இல் ஒரு விலை பேசி, மறுநாள் விலை ஏறியதும் 'லாரி வரவில்லை' என்று சொல்லிச் சரக்கை நிறுத்திக்கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் அன்று முன்பணம் கட்டிவிட்டுத் தவித்த சின்னக் கடைக்காரர்கள் இன்று வேறு மண்டிக்குப் போகிறார்கள். பேசிய விலைக்குக் கொடுத்து ஒரு லோடில் நஷ்டப்பட்டவர்களிடம் அதே கடைக்காரர்கள் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். யுத்தம் முடிந்துவிடும், விலை இறங்கிவிடும். வாக்குத் தவறியது மட்டும் மார்க்கெட்டில் மறக்கப்படாது.

சில்லறைக் கடையிலும் இதுதான். விலை ஏறினால் காரணத்தை ஒரு வரியில் சொல்லி, விலைப் பலகையில் எழுதி வைக்கவும். இறங்கினால் அதே வேகத்தில் இறக்கவும். ஏறும்போது ஒரே நாளில் ஏற்றி, இறங்கும்போது ஒரு மாதம் இழுத்தால் ஜனங்களுக்குத் தெரியாமல் போகாது. அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. 'பதுக்கல்காரன்' என்ற பேச்சு ஒரு தெருவில் எழுந்துவிட்டால், பத்து நியாயமான வியாபாரிகளும் சேர்ந்தே அதைச் சுமக்க வேண்டியதாகிறது.

சங்கம் செய்யக்கூடியது

தனித்தனியாக நாம் எல்லோரும் எல்லாச் செய்தியையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் வாரம் ஒரு நாள், ஒரு பக்க அளவில், சுங்க வரி மாற்றம், இருப்பு வரம்பு, துறைமுக வரத்து ஆகிய மூன்றை மட்டும் எழுதி அலுவலகப் பலகையில் ஒட்டலாம். உறுப்பினர்களுக்குப் போனிலும் அனுப்பலாம். உத்தரவின் தேதியும் எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். வதந்திக்கு அதில் இடம் கூடாது. அரசாங்கம் வரம்பு போடும்போது, கையில் உள்ள சரக்கை விற்றுத் தீர்க்கப் போதிய நாள் கொடுக்கும்படி கேட்பதும் சங்கத்தின் வேலைதான். ஆதாரத்தோடு கேட்டால் காது கொடுப்பார்கள்.

எந்த ஊரில் எப்போது சண்டை வரும் என்று ராஜாக்களுக்கும் தெரிவதில்லை, மந்திரிகளுக்கும் தெரிவதில்லை. நமக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நம் சரக்கு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வருகிறது, நம் கையில் எத்தனை நாளைக்கு இருக்கிறது, எவ்வளவு கடனில் இருக்கிறது என்பவை தெரிந்தால் போதும். இந்த நான்கும் நம் நோட்டில் இருந்தால், செய்தி வரும் நாளில் பக்கத்துக் கடையைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். இந்த மாத இருப்புக் கணக்கு எடுக்கும்போதே அந்தப் பட்டியலை ஆரம்பித்துவிடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.